நாலு வருடத்தில் "டொக்டர் மாதிரி" வரலாமா?

கேள்வி: மகள் இரண்டு தடவை உயர்தரம் உயிரியல் எடுத்தும் மருத்துவ பீடத்துக்குப் போக இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) போதவில்லை. சென்னையில் பிசிசியன் அசிஸ்டன்ட் படித்தால் நாலு வருடத்தில் டொக்டர் மாதிரித் திரும்பி வந்து இங்கேயே வேலை செய்யலாம் என்று சின்னக்கடைப் பக்கம் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அனுப்பலாமா? படிப்பு எப்படி இருக்கும்?
— ஒரு தாய், உவர்மலை

பதில்: அம்மா, படிப்பு நல்ல படிப்பு. ஏஜென்ட் சொன்னதுதான் பொய். உங்கள் மகள் டொக்டராக மாட்டார். டொக்டரின் மேற்பார்வையில் வேலை செய்பவராக வருவார். இலங்கையில் அப்படியொரு பதவியே கிடையாது. வெளிநாட்டில் படித்தவர்கள் எழுதும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை மருத்துவப் பட்டம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். நாலு வருடம் முடித்து வந்தாலும் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு நாற்காலி இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். ஒரு காலத்தில் நம் கிராமத்து ஆஸ்பத்திரிகளைத் தாங்கி நடத்தியவர்கள் ஏ.எம்.பி. என்ற உதவி வைத்தியர்கள். அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, டொக்டர் இல்லை, டொக்டர் இல்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மூன்று வருடப் படிப்பு, பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல் என்று மனப்பாடத்திலேயே போகும், எல்லாம் ஆங்கிலம். பிறகு வாட். விடிய ஆறரை, ஏழுக்கே போய், இரவு வந்த நோயாளிகளின் கதையைக் கேட்டு எழுதி, ரவுண்ட்ஸ் வரும் டொக்டரிடம் ஒப்புவிக்க வேண்டும். ஒப்பரேஷன் தியேட்டரில் மணிக்கணக்காக நின்று காயத்தை விரித்துப் பிடிக்க வேண்டும்.

பாஷை ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். நான் திருகோணமலை லிங்கநகரில் பிறந்து, தமிழ்நாட்டில் இதே படிப்பைப் படித்தவன். அங்கே முதல் வாரம் ஒரு பாட்டியிடம் "கால் விறைக்குதா?" என்று கேட்டேன். காலை மடக்கி நீட்டிக் காட்டி, "இல்லப்பா, நல்லா மடங்குது" என்றார். அவருக்கு விறைப்பு என்றால் கால் மடங்காமல் நிற்பது. நம் விறைப்பை அங்கே மரத்துப்போவது என்பார்கள். நீரிழிவுக்காரியின் கால் மரத்துப்போனதை நான் "இல்லை" என்று எழுதிவிட்டேன். பெரிய டொக்டர் வந்து பாதத்தை ஊசிமுனையால் தொட்டுப் பார்த்துத்தான் பிழை பிடிபட்டது.

இனி ஏஜென்ட்மார். பிள்ளை சேர்ந்தால் கல்லூரியிடமிருந்து அவர்களுக்குத் தரகு போகும். பணத்தைக் கல்லூரிக் கணக்குக்கே கட்டுங்கள், பற்றுச்சீட்டைக் கல்லூரி பெயரிலேயே வாங்குங்கள். மூலச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ஒரு இரவுகூட அவர்கள் கையில் விடாதீர்கள். என்னுடையதை ஒருவர் ஐந்து மாதம் பிடித்து வைத்திருந்தார். மீட்க அம்மா சங்கிலியை அடகு வைத்தார். தபாலில் படிக்கலாம் என்பவரிடம் பேச்சே வேண்டாம். நோயாளியைத் தொடாமல் இந்தத் தொழில் வராது. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, பயிற்சிக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா என்று நீங்களே விசாரியுங்கள்.

அமெரிக்காவில் சித்தப்பா இருக்கிறார், அங்கே போய்விடலாம் என்றும் சொல்லக்கூடும். இந்த வேலை பிறந்ததே அங்கேதான், 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில். ஆனால் அங்கே வேலைக்கு பான்ஸ் பரீட்சை எழுத வேண்டும். அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்களே அதை எழுதலாம். சென்னைப் பட்டம் அதற்குச் செல்லாது. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தாலும் செல்லாது. அங்கே போய் இரண்டு வருடத்துக்கும் மேலான முதுகலைப் படிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். சித்தப்பா பணம் கட்டலாம், பரீட்சை விதியை மாற்ற முடியாது.

மகள் இந்தியாவிலேயே வேலை செய்யத் தயார் என்றால் மட்டும் யோசியுங்கள். அதற்கும் வேலை விசா தனியாக வேண்டும். ஊரில்தான் இருக்க வேண்டும் என்றால், யாழ்ப்பாணத்தில் மருந்தகவியல், மட்டக்களப்பில் தாதியியல், இங்கே கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் என்று வழி இருக்கிறது. இசட் புள்ளியை வைத்து முதலில் அவற்றைப் பாருங்கள்.

அனுப்புவதாகவே முடிவெடுத்தால், சான்றிதழ்களை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓட வேண்டாம். திருகோணமலையிலேயே நம் வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. விசா மாணவர் விசாதான். "முதலில் சுற்றுலா விசாவில் போகட்டும், பிறகு மாற்றலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், அன்றைக்கே அவரை விட்டுவிடுங்கள்.