கேளுங்கள், சொல்கிறோம்: எமிலி காரின் பெட்ரோல் ஓவியங்கள்

கேள்வி: கனடா ஓவியர் எமிலி கார் பெட்ரோலைக் கலந்து படம் வரைந்தாராமே, உண்மையா?

உண்மைதான். 1930களின் தொடக்கத்தில் அவர் கையில் பணம் இல்லை. காட்டுக்குள் கான்வாஸைச் சுமந்து போவதும் சிரமம். அதனால் மலிவான, பழுப்பு நிற மணிலா காகிதத்தைப் பலகையில் பொருத்தி, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டில் எண்ணெய் வண்ணங்களைக் கலந்து, பெட்ரோல் ஊற்றி நீர்க்க வைத்துத் தீட்டினார். பெட்ரோல் சட்டென்று ஆவியாகிவிடும். படத்தைச் சுருட்டி எடுத்துவர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அதைவிட முக்கியம், பிரஷ் வாட்டர்கலரில் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடும். காற்றையும் ஒளியையும் ஒரே வீச்சில் பிடிக்க அவருக்குத் தேவைப்பட்டது அந்த வேகம்தான். இவற்றை வெறும் முன்வரைவுகள் என்று ஒதுக்குவது பெரிய தவறு. அவருடைய கான்வாஸ்களில் பின்னால் வந்த அசைவு இங்கேதான் பிறந்தது.

வான்கூவர் கலைக்கூடத்தில் இருக்கும் 'ஸ்கார்ன்ட் ஆஸ் டிம்பர், பிலவட் ஆஃப் த ஸ்கை' என்ற அவரது 1935ஆம் ஆண்டு ஓவியத்தைப் பாருங்கள். சுற்றிலும் வெட்டித் தீர்த்த நிலம். மரவேலைக்கு உதவாது என்று விட்டுப்போன ஒற்றை மரம் மெலிந்து உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சிக் கொத்தைச் சுற்றி வானம் அலையலையாக விரிகிறது. கான்வாஸில் தீட்டியதுதான், ஆனால் அந்த வானத்துத் தீற்றல்கள் காகிதத்தில் பழகிய கையின் தீற்றல்கள்.

கேள்வி: அந்த முறையை நானும் செய்து பார்க்கலாமா?

செய்யலாம், பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். ஓவியக் கடையில் கிடைக்கும் வாசனையற்ற தின்னரை, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள்.

300 ஜிஎஸ்எம் தடிமனான, அமிலமற்ற காகிதத்தில் அக்ரிலிக் ஜெஸோ என்னும் அடிப்பூச்சை மெலிதாக இரண்டு பூச்சு கொடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் எண்ணெயைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். பின்னாளில் நாரே இற்றுப்போகும். நாலு ஓரமும் டேப் ஒட்டி, தொடக்கத்தில் நீர்க்கவும் மேலே போகப்போகக் கெட்டியாகவும் தீட்டுங்கள். தின்னர் அதிகமானால் நிறமியைப் பிடித்துவைக்க எண்ணெய் போதாது. நன்றாகக் காய்ந்த பிறகும் ஓரத்தைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும். அப்படி ஒட்டினால் அடுத்த முறை தின்னரைக் குறையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள்.

எமிலி கார் பயன்படுத்திய காகிதம் அமிலம் கொண்டது. அதனால் பல படங்களில் வண்ணம் படாத இடங்கள் அன்றிருந்ததைவிடப் பழுப்பேறிவிட்டன.

கேள்வி: நடுவில் பல வருடம் ஏன் வரையவில்லை?

1913இல் வான்கூவரில் சுமார் 200 படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார். மாகாண அரசு வாங்கவில்லை. சொந்த ஊரான விக்டோரியாவுக்குத் திரும்பி, வீட்டை வாடகைக்கு விட்டு, நாய் வளர்த்து, மண்பாண்டம் செய்து விற்றுப் பிழைத்தார். வரைந்தது மிகக் குறைவு. 1927 டிசம்பரில் ஒட்டாவா தேசியக் கலைக்கூடம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது வயது 56. அந்தப் பயணத்தில்தான் கனடாவின் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிய 'எழுவர் குழு' ஓவியர் லாரன் ஹாரிஸின் நட்பு கிடைத்தது.

கேள்வி: பூர்வகுடிகள் மரத்தில் உருவங்கள் செதுக்கி நிறுத்தும் டோட்டெம் தூண்களை அவர் வரைந்தது சரியா?

ஹைடா, கிட்க்சான் ஊர்களுக்கு அவர் நேரில் போய் வரைந்தார். அந்தக் கலையை உளமார மதித்தார். ஆனால் அது அழிந்துகொண்டிருக்கிறது என்றும் நம்பினார். அங்கேதான் பிழை. 1885 முதல் 1951 வரை விருந்தும் பரிசளிப்புமாக அவர்கள் நடத்தும் பொட்லாட்ச் சடங்கைச் சட்டமே தடுத்திருந்தது. மக்கள் அழியவில்லை, இன்றும் தூண் செதுக்குகிறார்கள். விற்பனைக்கான பாண்டங்களில் அவர்களின் உருவங்களை இட்டதற்குக் காரே பின்னாளில் வருந்தி எழுதினார். 1929இல் அவர் தீட்டிய 'இந்தியன் சர்ச்' ஓவியத்தை ஒன்டாரியோ கலைக்கூடம் 2018இல் 'யூக்வோட் கிராமத்துத் தேவாலயம்' என்று பெயர் மாற்றியது. அந்த ஊருக்கென்று ஒரு பெயர் இருக்கும்போது அதைச் சொல்வதே முறை.

கேள்வி: அவர் எழுத்தில் எதை முதலில் படிக்கலாம்?

1941இல் வெளிவந்த 'க்ளீ விக்', பூர்வகுடி ஊர்களில் அவர் கண்டதைச் சொல்லும் நூல். கனடாவின் கவர்னர் ஜெனரல் விருது பெற்றது. 1937இல் மாரடைப்பு வந்து காட்டுக்குப் போவது குறைந்த பிறகு எழுத்தில் முனைந்தார். சின்னச் சின்ன அத்தியாயங்கள்தான், எங்கிருந்தும் தொடங்கலாம்.