மூணு மாச மாத்திரை போதும் தம்பி

அடுத்த மாசம் தக்கலையில இருந்து நியூஜெர்சிக்கு வாறதா எழுதியிருந்தீங்க. உங்களுக்கு பிரஷர் மாத்திரை, வீட்டுக்காரிக்கு தைராய்டு மாத்திரை. ஒரு வருஷத்துக்கு உள்ளதைக் கட்டிக்கொண்டு வரணுமா, அங்க விலை குறைவா தாற ஜெனரிக்கை நம்பலாமான்னு கேள்வி.

ஒரு வருஷத்துக்கு வேண்டாம் தம்பி. மூணு மாசத்துக்கு எடுங்க. மிச்ச இடத்துல முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் வையுங்க.

அமெரிக்காவுல மருந்து யானை விலைங்கிறது பாதி உண்மை. பேட்டன்ட், அதாவது வேற யாரும் செய்யக்கூடாதுங்கிற உரிமை உள்ள மருந்துதான் கழுத்தை அறுக்கும். பேட்டன்ட் முடிஞ்சு பல கம்பெனி செய்யுற அதே மருந்துதான் ஜெனரிக், அது சல்லிசு. இங்க வாங்குற சீட்டு மருந்துல பத்துக்கு ஒன்பது ஜெனரிக்தான்.

நான் வந்தது 2009ல. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் தின்னுகிட்டிருந்தேன். அப்போ இங்க அது லிப்பிட்டார்ங்கிற பேருல மட்டும்தான் உண்டு. ஆபீஸ் இன்சூரன்ஸ் இன்னும் தொடங்கல. ஒரு மாச மாத்திரைக்கு நூறு டாலருக்கு மேலன்னு கவுண்டர்ல சொன்னதும் வாங்காமலே திரும்பி வந்துட்டேன். அதே மருந்தை வடசேரி மெடிக்கல்ல சில்லறைக் காசுக்கு வாங்கினவன் நான். காரணம் நம்ம ஊர் 1970 பேட்டன்ட் சட்டம். மருந்துக்கே பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். வேற வழியில செய்யத் தெரிஞ்ச கம்பெனியெல்லாம் செஞ்சு வித்துது. 2005லதான் அது மாறிச்சு.

இங்க லிப்பிட்டாருக்கு ஜெனரிக் வந்தது 2011 நவம்பர் கடைசியில. கொண்டு வந்ததும் ஒரு இந்தியக் கம்பெனி, ரான்பாக்ஸி. ஆசையா கடைக்குப் போனா விலை நெனச்ச அளவு இறங்கல. முதல்ல வாற ஜெனரிக்குக்கு 180 நாள் சலுகை உண்டாம். பிராண்டுக்காரன் சம்மதத்தோட வாறதைத் தவிர வேற ஜெனரிக் அதுவரைக்கும் வெளியே நிக்கணும். 2012 கோடையில மத்த கம்பெனிகளும் நுழைஞ்ச பிறகுதான் விலை சரிஞ்சுது. குளச்சல் கரையில ஒரு வள்ளம் மட்டும் மீனோட வந்தா என்ன விலை, பத்து வள்ளம் வந்தா என்ன விலை? அதே கதைதான். இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கணக்குப்படி ஒரு ஜெனரிக் வந்தா சராசரியா 39 சதவீதம் குறையும், ஆறோ அதுக்கு மேலயோ வந்தா 95 சதவீதத்துக்கும் மேல.

விலை குறைஞ்சதால மட்டம்னு நெனைக்காதீங்க. இங்குள்ள 1984 சட்டப்படி ஜெனரிக் கம்பெனி பழைய பெரிய பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டாம். அதே மருந்து, அதே அளவுல, அதே வேகத்துல ரத்தத்துல சேருதுன்னு காட்டினா போதும். அந்தச் செலவு மிச்சம். ஆனா நிறமும் வடிவமும் மாறும். அம்மா இங்க வந்திருந்தப்போ என் புது பாட்டிலைக் கவுத்துப் பார்த்து, "மக்கா, கடைக்காரன் மாத்தித் தந்துட்டான், தின்னாத"ன்னு ஒரே பிடிவாதம். போன மாசம் நீள வெள்ளை, இந்த மாசம் உருண்டை. லேபிள்ல உள்ள மருந்துப் பேரையும் மில்லிகிராமையும் வாசிச்சுக் காட்டின பிறகுதான் விட்டாங்க.

தைராய்டு மாத்திரை மட்டும் கொஞ்சம் கவனம். லெவோதைராக்சின்ல சின்ன வித்தியாசமும் உடம்புல தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரே கம்பெனி மாத்திரையா தரச் சொல்லுங்க. மாறினா டாக்டர்கிட்ட சொல்லி ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாருங்க.

நம்ம ஊர் ஸ்ட்ரிப்புல கம்பெனி வச்ச பேரு பெருசாவும் மருந்துப் பேரு பொடி எழுத்துலயும் இருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் இங்க செல்லும். டாக்டர்கிட்ட சீட்டுல மருந்துப் பேரா எழுதி வாங்குங்க. பாராசிட்டமால்னு கேட்டாலே இங்க முழிப்பாங்க, அசெட்டமினோஃபென்னு சொல்லணும். மாத்திரையை ஸ்ட்ரிப்போட, சீட்டோட கொண்டு வாங்க, டப்பாவுல கொட்டாதீங்க.

இன்னொரு சோலி. கடையில இன்சூரன்ஸ் விலையும் கேளுங்க, இன்சூரன்ஸ் இல்லாத விலையும் கேளுங்க. ஜெனரிக்குக்குப் பல நேரம் ரெண்டாவதுதான் குறைவு. கூப்பன் போட்டா இன்னும் குறையும். கேக்காம அவங்களா சொல்ல மாட்டாங்க.

உண்மையில கை கடிக்கிறது மாத்திரை இல்ல, அதை எழுதித் தாற டாக்டர் பீஸுதான். வந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போட்டுருங்க. புது ஆளுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் தள்ளித்தான் தேதி கிடைக்கும். மூணு மாசம்னு நான் சொன்னது அந்தக் கணக்குலதான்.