அம்மாவின் முழங்காலும் கியோட்டோவின் படிகளும்

கேள்வி: நவம்பர் கடைசியில் 68 வயது அம்மாவுடன் கியோட்டோ செல்கிறேன். மூன்று நாள் தங்கல். 11 கோயில்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எப்படித் திட்டமிடலாம்? அங்குள்ள வழக்கம் தெரியாமல் தவறு ஏதும் செய்துவிடுவோமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் 11இல் ஆறை அடித்துவிடுங்கள். நீங்கள் போகும் சமயம் மேப்பிள் இலைகள் சிவந்து, ஜப்பானியர்களே கூட்டம் கூட்டமாகக் கியோட்டோவுக்கு வரும் பருவம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். விடுதியிலிருந்து டாக்சியில் போய் 7 மணிக்குள் உள்ளே இருங்கள். 1633இல் திரும்பக் கட்டிய மண்டபம். 13 மீட்டர் உயர மரச்சட்டகத்தின் மேல் நிற்கிறது. அந்த நேரத்தில் கைப்பிடி ஓரம் இடம் கிடைக்கும். திரும்பும்போது சன்னென்சாகா படிகள் வழியாக இறங்கச் சொல்வார்கள். அழகான தெருதான். ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. அம்மாவுக்கு டாக்சியே நல்லது.

புஷிமி இனாரி மலைக்கோயிலைப் படங்களில் பார்த்து மலைத்துவிடாதீர்கள். 233 மீட்டர் மலையை முழுக்கச் சுற்ற இரண்டு மணி நேரமாகும். நெருக்கமாக நிற்கும் அந்தச் சிவப்பு வாயில்களோ அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதோடு திரும்பிவிடலாம். திரும்புகிறபோது தூண்களின் பின்பக்கத்தைப் பாருங்கள்: கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பில் எழுதியிருக்கும். நம் ஊர் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதுகிறோமே, அதே சங்கதி! கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா ரயில் பாதையில் இரண்டாவது நிறுத்தம். சாதாரண ரயிலில் ஏறுங்கள். விரைவு ரயில் அங்கே நிற்காது. கட்டணம் இல்லை, இரவிலும் திறந்திருக்கும்.

உங்கள் பட்டியலில் சன்ஜூசன்கென்தோ என்ற புத்தர் கோயில் இல்லை என்பதில் எனக்கு வருத்தம். அம்மாவுக்காகவே கட்டியதுபோல மலையேற்றமில்லாத இடம். ஏறக்குறைய 120 மீட்டர் நீள மண்டபத்தில் கருணைத் தெய்வமான கன்னோனின் 1,001 சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முன்வரிசைக் காவல் தெய்வங்களில் புல்லாங்குழல் வாசிக்கும் ஒருவரைத் தேடுங்கள். ஜப்பானியர் ‘கருரா’ என்பார்கள்; நம் கருடன்தான். செருப்பைக் கழற்ற வேண்டும், மரத்தரை சில்லென்றிருக்கும், கனத்த காலுறை எடுத்துப்போங்கள். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள்.

வழக்கங்களுக்கு அஞ்ச வேண்டாம். புஷிமி இனாரியில் இருப்பதுபோன்ற ‘தோரி’ வாயில் இருந்தால் அது ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயம்: இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்குவார்கள். புத்தர் கோயிலில் கைதட்டக் கூடாது. ஓசையின்றிக் கைகூப்பினால் போதும், அம்மாவுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவதும் நம் பழக்கம்தான். இடறக்கூடியது ஒன்று உண்டு: நுழைவிலுள்ள தண்ணீர்த் தொட்டி. அது தீர்த்தமல்ல. அகப்பையால் இடக்கையையும் வலக்கையையும் கழுவிவிட்டு, இடக்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே துப்ப வேண்டும். அகப்பையை வாயில் வைக்கக் கூடாது.

கெய்ஷா எனும் பாரம்பரிய ஆடல்பாடல் கலைஞர்கள் இருக்கும் கியோன் பகுதியில் ஹனாமிகோஜி என்ற பெரிய தெருவோடு நின்றுகொள்ளுங்கள். கிளைச் சந்துகள் தனியார் வழி. 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எதிரே கெய்ஷா வந்தால் வழிவிடுங்கள், கேமராவுடன் பின்தொடர வேண்டாம்.

கடைசியாக, நகரப் பஸ்ஸுக்கு ஒருநாள் டிக்கெட் வாங்கச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். அதன் விற்பனையை 2023இல் நிறுத்திவிட்டார்கள். சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து 1,100 யென்னுக்கு ஒருநாள் டிக்கெட் உண்டு. ஆனால் இலையுதிர்காலப் பஸ்ஸில் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைப்பது சந்தேகம். கூடியவரை ரயில், மிச்சத்துக்கு டாக்சி.