பின்னத்தில் நடுக்கோடு போடாவிட்டால் தப்பா? அந்தக் கோடு எப்போது வந்தது?

உங்கள் பிள்ளைக்கு மார்க் குறைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்திருக்கிறது.

ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. மூன்றில் இரண்டையும் நான்கில் மூன்றையும் கூட்ட வேண்டும். அவசரத்தில் 17 எழுதி, அதன் கீழே 12 எழுதி, கோடு போடாமல் விட்டுவிட்டேன். விடை சரி. கணக்கு வாத்தியார் சிவப்பு மையில் சுழித்து, "இது பின்னமா, கூட்டலா?" என்று எழுதி முட்டை போட்டார். வகுப்பில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார்.

பல வருஷம் கழித்து, சமஸ்கிருத மூலத்தோடு அச்சான லீலாவதி என்ற பழைய இந்தியக் கணக்கு நூல் ஒரு நூலகத்தில் கிடைத்தது. பாஸ்கரர் 1150-இல் எழுதியது. அதில் மேலே தொகுதி, கீழே பகுதி, நடுவில் கோடே இல்லை! இரண்டே கால் என்றால் 2, அதன் கீழே 1, அதன் கீழே 4 என்று மூன்று அடுக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1881-இல் பெஷாவர் பக்கம் மண்ணில் கிடைத்த பக்ஷாலி என்ற பழைய கணக்குச் சுவடியிலும் இப்படித்தான். ஆனால் அதில் எண்களைச் சுற்றிக் கட்டம் போட்டிருப்பார்கள், அதனால் குழப்பம் வராது.

கோடு வந்தது மொராக்கோ, அல்ஜீரியா பக்கம். 12-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த கணித அறிஞர் அல்-ஹஸ்ஸார் தன் கணக்கு நூலில், கிடைக்கோடு போட்டுப் பகுதியை அதன் கீழே எழுதச் சொல்கிறார். அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்தில் கணக்குப் படித்த இத்தாலியக் கணித அறிஞர் பிபோனாச்சி, 1202-இல் லிபேர் அபாச்சி நூலில் அதை இத்தாலிக்குக் கொண்டுபோனார். ஐந்தரையை எழுதும்போது அரையை இடப்பக்கம், ஐந்தை வலப்பக்கம் வைப்பார். அரபு வலமிருந்து இடமாக ஓடுவதன் சாயல் அது.

'எல்லாம் நம்ம ஆள்தான் கண்டுபிடித்தான்' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அடுக்கி எழுதியது இந்தியா, கோடு போட்டது மக்ரிப், அதாவது அந்த மொராக்கோ, அல்ஜீரியா பகுதி. இதில் யாருக்கும் குறைவில்லை. கால், அரை, மா, காணி, முந்திரி என்ற பழைய பின்னங்கள் எல்லாவற்றுக்கும் தமிழில் தனித்தனிக் குறியே இருந்தது, கோட்டுக்கு வேலையே இல்லை. கோடு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. இன்று போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காக அரை மார்க் குறைக்கலாம். முட்டை போடுவது நியாயமே இல்லை.

அந்த நூலகத்தில் கணித அலமாரி இருந்த இடத்தில் இப்போது போட்டித்தேர்வு கைடுகள்தான். லீலாவதி எங்கே என்று கேட்டால் ஊழியருக்கே தெரியவில்லை. மனசு ஆறவில்லை.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு நீங்களே பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். நான் அன்றைக்கு அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.