மெயில் வருகிறது, போக மட்டும் மறுக்கிறது

கேள்வி: அம்பத்தூரில் சிறிய பட்டறை நடத்துகிறோம். கம்பெனி பெயரிலேயே மெயில் முகவரி, தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் பார்க்கிறோம். போன வாரம் பிராட்பேண்ட் இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். அதிலிருந்து மெயில் வருகிறது; அனுப்பினால் ‘டைம்டு அவுட்’ என்று நிற்கிறது. பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. கொட்டேஷன்கள் தேங்கிக் கிடக்கின்றன.

பதில்: கோளாறு பாஸ்வேர்டில் இல்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் உங்கள் கணினிக்கு சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். பாஸ்வேர்டு கேட்பது அதற்கு அடுத்த கட்டம்.

மெயிலை வாங்குவது ஒரு சர்வர் அமைப்பு, அனுப்புவது வேறு அமைப்பு. அதனால்தான் ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கிறது. அனுப்புவதற்குப் பழைய கணக்குகளில் 25 என்ற போர்ட் எண் (சர்வரில் நுழையும் வாசலின் எண்) போட்டிருப்பார்கள். வைரஸ் புகுந்த கணினிகள் ஸ்பேம் அனுப்பாமல் தடுக்க, பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் அந்த எண்ணை அடைத்து வைக்கின்றன. இணைப்பு மாறியதுமே தொல்லை தொடங்கியதால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலின் அடியில் உள்ள ‘அவுட்கோயிங் சர்வர்’ பகுதிக்குப் போய் ‘எடிட்’ அழுத்துங்கள். போர்ட் 587, செக்யூரிட்டி ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’, ஆதென்டிகேஷன் ‘நார்மல் பாஸ்வேர்டு’. யூசர் நேமில் முழு மெயில் முகவரியையும் கொடுங்கள். 587 எடுபடாவிட்டால் 465. அப்போது செக்யூரிட்டியை ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’ என்று மாற்றியே ஆகவேண்டும். 465-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால் சர்வர் முதலில் பேசட்டும் என்று கணினியும், கணினி முதலில் பேசட்டும் என்று சர்வரும் காத்திருக்கும். கடைசியில் அதே ‘டைம்டு அவுட்’தான் வரும்.

இதற்குப் பிறகும் போகவில்லையா? கணினியை உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். போனால், பிராட்பேண்ட்காரரிடம் புகார் சொல்லலாம். அதிலும் நின்றால், ஆன்டிவைரஸில் வெளியே போகும் மெயிலைச் சோதிக்கும் வசதியை மட்டும் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள்.

வழி திறந்ததும் 535 என்ற பிழை (பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை) வரலாம், பயப்படாதீர்கள். தண்டர்பேர்டு வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் பாஸ்வேர்டைத் தனித்தனியாகச் சேமிக்கிறது. நீங்கள் மாற்றிய புதியது ஒன்றில் மட்டும் பதிந்திருக்கும். ‘சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்’ பட்டியலில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறையின் பெயர்) என்று தொடங்கும் வரியை நீக்குங்கள். அடுத்த முறை அனுப்பும்போது கேட்கும். (ஜிமெயில் கணக்கு என்றால் ‘நார்மல் பாஸ்வேர்டு’ உதவாது, ‘ஓஆத்2’ வையுங்கள்.) ‘ரிலே’ என்ற சொல்லோடு 550 அல்லது 554 வந்தால், ஆதென்டிகேஷன் ‘நோ’ என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.

டிராயிங் போன்றவற்றை இணைத்து அனுப்புவதானால் இதையும் கவனியுங்கள்: இணைக்கும் கோப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும். 20 எம்பி கோப்பு ஏறக்குறைய 27 எம்பி ஆகிவிடும். வரம்பு 25 என்றால் சர்வர் ஏற்காது.

தேங்கிய கொட்டேஷன்களை மறுபடி அனுப்பும் முன் பிழைச் செய்தியை ஒருமுறை படியுங்கள். ‘சென்ட் ஃபோல்டரில் நகல் வைக்க முடியவில்லை’ என்று இருந்தால் அந்த மெயில் ஏற்கெனவே போய்விட்டது. திரும்ப அனுப்பினால் வாடிக்கையாளருக்கு இரண்டு கொட்டேஷன் போய்ச் சேரும்.