சனிக்கோளும் அஷ்டமி நிலாவும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விண்வெளிப் பாடத்தைப் பிள்ளைகளிடம் படமாக வரையச் சொன்னேன். ஆசையாக வரைந்தார்கள். "இது என்ன டிராயிங் பீரியடா?" என்கிறார் தலைமையாசிரியர். அறிவியலுக்குக் கலை உதவும்தானே? பிள்ளைகள் படிக்கச் சில புத்தகங்களும் சொல்லுங்கள். படங்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

தலைமையாசிரியரை விடுங்கள். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே சனிக்கோள், வளையத்துக்கு ஒரே சாய்வு. செல்போனைப் பார்த்து வரைந்தவை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதற்குத் தெர்மாகோல் உருண்டைகளுக்குப் பெயிண்ட் அடித்துத் தொங்கவிட்டிருக்கலாம். ஒரு பிள்ளைகூடவா மொட்டைமாடி ஏறி நிலாவைப் பார்த்து வரையவில்லை?

1609 ஜூலையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர் தொலைநோக்கி வழியே நிலாவைப் பார்த்து வரைந்தார். கலிலியோவுக்குச் சில மாதம் முந்தியே. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது ஒரு கோணல் கோடும் கொஞ்சம் கறையும்தான். கலிலியோ அதே நிலாவில் மலையைப் பார்த்தார். இருட்டுப் பக்கத்தில் தனியாக மினுங்கிய புள்ளிகள், வெயில் முதலில் தொடும் சிகரங்கள் என்று அவருக்குப் புரிந்தது. அவருடைய தொலைநோக்கி இன்னும் நல்லது, சரி. அது மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி. அவர் ஃபுளோரன்ஸில் ஓவியம் பழகியவர். மேடு எது, பள்ளம் எது என்று நிழலை வைத்துச் சொல்லக் கண் பழகியிருந்தது.

எங்கள் வீட்டில் அப்பத்தா நடுவீட்டுக் கோலம் போடுவார்கள். அரைத்த பச்சரிசி மாவில் துணியை முக்கி, உள்ளங்கையில் வைத்துப் பிழிய, மோதிர விரல் வழியே மாவு இழையாக இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இழை மூலையில் எப்படித் திரும்புகிறது என்பது, துணியை என் கையில் கொடுத்து, "நீ போடுப்பா" என்று அவர்கள் சொன்ன அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

'உதவுமா' என்று கேட்டீர்களே. 1965 ஜூலையில் நாசாவின் மரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்தபோது எடுத்த முதல் படம் எண்களாகத்தான் வந்துசேர்ந்தது. கணினி அதைப் படமாக்கித் தரும்வரை பொறியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. எண்கள் அச்சான தாள்பட்டைகளைச் சுவரில் ஒட்டி, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று வைத்துக்கொண்டு, கலர் சாக்கட்டியால் தீட்டிவிட்டார்கள். போதுமா?

பிள்ளைகளைப் பௌர்ணமியன்று மாடிக்குக் கூட்டிப் போகாதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அது. அன்றைக்கு நேர் வெயில், நிலாவில் நிழலே விழாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் போங்கள். பொழுது சாயும்போது நிலா உச்சியில் நிற்கும். வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் பள்ளங்களின் நிழல் நீளமாகக் கிடக்கும். ஒரு பைனாகுலர் போதும், கை ஆடாமல் சுவரில் ஊன்றிக்கொள்ளட்டும். பென்சில் கொடுங்கள், ரப்பர் வேண்டாம். செல்போன்களை வாங்கி வைத்துவிடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

அந்தப் படங்களை அனுப்புங்கள். புத்தகங்களைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.