டயர் தடத்தைப் படிக்கும் வேலை

வணக்கம் ஐயா. மகளின் இயற்பியல் விடைத்தாளோடு நீங்களும் உங்கள் துணைவியாரும் வந்தபோது, கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. கடன் வாங்கி அவளை அந்த இரண்டாண்டு நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். கணினிப் பொறியியல்தான் படிக்கவேண்டும் என்று உங்கள் மைத்துனர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சேர்க்காதீர்கள்.

அந்தத் தாளின் ஏழாவது கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். மணிக்கு 72 கி.மீ., அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் கார். தடையைக் கண்ட ஓட்டுநர் 1 விநாடி கழித்தே பிரேக்கை அழுத்துகிறார். அதன்பின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 5 மீட்டர் குறைகிறது. நிற்பதற்குள் கார் எவ்வளவு தூரம் போகும்? மாறாத வேகத்தில் கடந்த அந்த 1 விநாடியையும் பிரேக் பிடித்த நேரத்தோடு சேர்த்து, ஒரே சூத்திரத்தில் 37.5 மீட்டர் என்று எழுதியிருக்கிறாள். தவறுதான். ஆனால் ஓரத்தில் பென்சிலால் நேரத்துக்கு எதிராக வேகத்தைக் காட்டும் ஒரு படம்: 1 விநாடிக்குக் கிடைக்கோடு, பிறகு 4 விநாடியில் சுழியைத் தொடும் சாய்கோடு. கோட்டுக்குக் கீழுள்ள பரப்புதான் தூரம்: செவ்வகத்தின் பரப்பு 20, முக்கோணத்தின் பரப்பு 40, ஆக 60 மீட்டர். சரியான விடை! அதை அவளே அடித்துவிட்டாள். படம் போட்டால் நேரம் போதாது என்று யாரோ சொன்னார்களாம்.

இயக்கத்தைக் கண்ணால் பார்க்கிற பெண் அவள். கணினிப் பொறியியலைப் பற்றி மைத்துனர் சொன்னதெல்லாம் நீங்கள் அறிந்ததே, விட்டுவிடுகிறேன். அவளுக்குப் பொருத்தமாக வாகன விபத்துப் பகுப்பாய்வு என்றொரு துறை இருக்கிறது. சாலையில் 35 மீட்டருக்கு டயர் தேய்ந்த தடம். சக்கரங்கள் பூட்டி, வண்டி எதிலும் மோதாமல் தடத்தின் முடிவில் நின்றிருக்கிறது. உராய்வுக் குணகம், அதாவது சாலையில் டயரின் பிடிமானத்தைக் காட்டும் எண், 0.7 என்றால் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் குறைந்திருக்கும். தொடக்க வேகத்தின் வர்க்கம், வேகம் குறையும் வீதத்தையும் தூரத்தையும் பெருக்கி வருவதன் இருமடங்கு: 2, 7, 35 மூன்றையும் பெருக்கினால் 490. அதன் வர்க்கமூலம் சுமார் 22, அதாவது விநாடிக்கு 22 மீட்டர். இது மணிக்கு ஏறக்குறைய 80 கி.மீ. "மெதுவாகத்தான் வந்தேன்" என்பவரின் பேச்சைத் தடம் மறுத்துவிடும். வண்டி எதிலாவது மோதி நின்றிருந்தால், உண்மையான வேகம் இதைவிடவும் அதிகம். நிபுணர் சாலையின் பிடிமானத்தை அங்கேயே அளப்பார். வண்டியில் பதிவுக் கருவி இருந்தால் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகத்தையும் எடுத்து ஒப்பிடுவார். தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வார். தடயவியல் ஆய்வகம், காப்பீட்டு விசாரணை, வாகனப் பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றிலும் இந்த அறிவு வேண்டும்.

இடங்கள் குறைவு என்பதையும் மறைக்கமாட்டேன். ஆனால் இதற்கான முதல் படி இயற்பியலோ இயந்திரப் பொறியியலோ படிக்கும் சாதாரணப் பட்டம், கடனில்லாமல் முடிக்கலாம். பின்னர் மனம் மாறினாலும் அந்தப் பட்டம் வேறு வேலைக்கும் உதவும்.

அடுத்த முறை அவளை மட்டும் அனுப்புங்கள். அந்த 35 மீட்டர் தடக் கணக்கை அவளிடம் கொடுக்கப்போகிறேன். வரைபடத்தாளும் பென்சிலும் என் மேசையில் இருக்கும்.